முள் எங்கே தொடங்குகிறது? ஸ்ட்ரையேட்டத்து நியூரான்களை வடிவத்தால் பிரித்தல்

பெருமூளைப் புறணியில் நியூரான்களை வகை பிரிக்க உட்காருபவருக்குத் துணைகள் பல. அங்கே ஆறு அடுக்குகள் உண்டு; செல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே பாதி விடை. பிரமிடு செல்லின் நுனி டென்ட்ரைட் (செய்தியை வாங்கும் கிளை) மேற்பரப்பை நோக்கி நிமிர்ந்து நிற்பதால் திசையைப் பார்த்தே அடையாளம் காணலாம். முன்மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்துக்கு வந்தால் இந்த இரண்டு துணையும் இல்லை. அடுக்கு கிடையாது, மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிச் செல்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. நடுவே நார்க்கட்டுகள் கோடு கோடாக ஓடுகின்றன. இந்தப் பகுதிக்குப் பெயர் வந்ததே அந்தக் கோடுகளால்தான். மனிதரிலும் குரங்கிலும் இன்டர்னல் கேப்சூல் என்னும் நார்ப்பட்டை இதைக் காடேட், புட்டாமென் என்று இரண்டாகப் பிளக்கிறது. எலியில் அதே நார்கள் சிறு கட்டுகளாகச் சிதறிப் போவதால் இரண்டும் ஒரே திரளாக இருக்கும்.

ஆகவே இங்கே செல்லின் வடிவத்தை நம்பித்தான் தொடங்க வேண்டும். ஆனால் வடிவம் என்று நாம் சொல்வது செல்லின் முழு உருவம் அல்ல. கையாண்ட சாயம் எவ்வளவைக் காட்டியதோ அவ்வளவுதான். ஸ்ட்ரையேட்டத்தின் வகைப்பாட்டில் நேர்ந்த மிகப் பெரிய பிழை இந்த இடத்தில்தான் நேர்ந்தது.

கமில்லோ கோல்ஜி 1873ல் வெளியிட்ட கறுப்பு வினையில், பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய திசு வெள்ளி நைட்ரேட்டுக்கு மாற்றப்படுகிறது. நூற்றில் சில நியூரான்கள் மட்டும் கிளை நுனிவரை கறுக்கும், மற்றவை கண்ணில் படவே படாது. எல்லாச் செல்லும் கறுத்திருந்தால் பார்ப்பதற்கு ஒரு கறுப்புத் துண்டைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. முறையின் பலம் இந்தச் சிக்கனம். குறை, செய்தியை வெளியே கொண்டுபோகும் நாரான ஆக்சானில். வளர்ந்த விலங்கில் மைலின் உறை தொடங்கும் இடத்தில் கறை பெரும்பாலும் நின்றுவிடும். உறையில்லாத மெல்லிய நாரும், ஒரு கட்டுக்குள் புகுந்ததும் வெட்டிய துண்டின் எல்லையைக் கடந்து மறைந்துவிடும். கண்ணில் படுவது ஆக்சானின் முதல் துண்டும், செல்லைச் சுற்றியே பிரியும் உள்ளூர்க் கிளைகளும்தான்.

விளைவு என்ன? நடுத்தர அளவுச் செல்களின் ஆக்சான் செல்லருகிலேயே முடிவதாகத் தோன்றியது. அவற்றைக் குட்டை ஆக்சான் செல்கள், உள்ளூர் வேலைக்கானவை என்று கொண்டார்கள். எண்ணிக்கையில் அரிதான பெரிய செல்களே வெளியே நார் அனுப்புகின்றன என்ற முடிவு பல பத்தாண்டுகள் நின்றது. உண்மை நேர் தலைகீழ். 1970களில் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்னும் நொதியை நடுமூளையிலுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் செலுத்தி, ஆக்சான் முனைகள் அதை உறிஞ்சிச் செல் உடலுக்குத் திருப்பி எடுத்து வருவதைப் பின்தொடர்ந்தார்கள். ஸ்ட்ரையேட்டத்தில் நிறம் பிடித்தவை நடுத்தரச் செல்கள். 1979ல் சோமோஜியும் ஸ்மித்தும் இந்த முறையையும் கோல்ஜி முறையையும் ஒரே செல்லில் சேர்த்துக் காட்டினார்கள்: டென்ட்ரைட் முழுக்க முள் (மற்ற நியூரான்களின் செய்தியை வாங்கும் நுண்ணிய புடைப்பு) நிறைந்த அந்தச் செல்தான் நைக்ரா வரை நார் அனுப்புகிறது. பெரிய செல்களோ ஸ்ட்ரையேட்டத்தை விட்டு வெளியே போகாத இடைநியூரான்கள். பார்த்தவர்களின் கண்ணில் குறை இல்லை. அவர்கள் வரைந்த டென்ட்ரைட்டுகள் இன்றும் சரி. தெரியாத ஆக்சானை இல்லாத ஆக்சானாகக் கொண்டதுதான் தவறு.

இப்போது செல்களுக்கு வருவோம். எலியில் ஸ்ட்ரையேட்டத்து நியூரான்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு இந்த நடுத்தர முள்செல்கள். குரங்கிலும் மனிதரிலும் இடைநியூரான்களின் பங்கு கூடுதல் என்பதால் இந்த விழுக்காடு குறையும். செல் உடல் 12 முதல் 20 மைக்ரான் விட்டம், வட்டமாகவோ மழுங்கிய பலகோணமாகவோ இருக்கும். அதிலிருந்து 4 முதல் 7 முதன்மை டென்ட்ரைட்டுகள் எல்லாத் திசையிலும் கிளம்புகின்றன. முதலில் பார்க்க வேண்டியது, முள் எங்கே தொடங்குகிறது என்பதை. செல் உடலில் முள் அரிது. முதன்மை டென்ட்ரைட்டின் தொடக்கம், ஏறத்தாழ 20 மைக்ரான் வரை, வழுவழுப்பாக இருக்கும். முதல் கிளைப்பிரிவை ஒட்டி முட்கள் சட்டென்று அடர்ந்து, நுனியை நோக்கிப் போகப் போக மெல்லக் குறையும். வழுவழுப்பான அடி, அடர்ந்த நடு, தளரும் நுனி என்ற இந்த வரிசை தெளிவாக இருந்தால் வேறு அடையாளம் தேட வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. டென்ட்ரைட்டுகள் சேர்ந்து சுமார் 200 மைக்ரான் ஆரமுள்ள ஒரு கோளத்தை நிரப்புகின்றன.

பெரிய செல் இதற்கு எதிர்முனை. அசிட்டைல்கோலினைச் சுரக்கும் இந்த இடைநியூரான்கள் மொத்தத்தில் 1 முதல் 2 விழுக்காடுதான். செல் உடல் 20 மைக்ரானில் தொடங்கி, நீள்வாட்டில் 50 வரை போகும். தடித்த முதன்மை டென்ட்ரைட்டுகள் சில. அவை அதிகம் கிளைக்காமல் நெடுந்தூரம் போகும். முள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். குறைந்த உருப்பெருக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடும் செல் இது.

தடுமாற்றம் வருவது இடையில். பார்வல்புமின் புரதம் உள்ள, வேகமாகச் சுடும் (மின்துடிப்பு அனுப்பும்) இடைநியூரானின் உடல் அளவு முள்செல்லோடு ஒட்டியோ சற்றுப் பெரிதாகவோ இருக்கும். அளவை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. டென்ட்ரைட்டில் முள் இல்லை, பல இடங்களில் மணி கோத்ததுபோல் புடைப்புகள் இருக்கும். ஆக்சான் தெரிந்தால் ஐயம் தீரும்: செல்லைச் சுற்றி மிக நெருக்கமாகப் பின்னி, முள்செல்களின் உடலைக் கூடைபோல் சூழும். சோமடோஸ்டாடினும் நியூரோபெப்டைடு ஒய்யும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியும் ஒருங்கே உள்ள இன்னொரு வகை உண்டு. இரு முனையும் கூம்பிய கதிர்வடிவ அல்லது முக்கோண உடல், சில டென்ட்ரைட்டுகள், குறைந்த கிளைப்பு. இதன் ஆக்சான் தளர்வாக, மற்ற இடைநியூரான்களைவிட அதிகத் தூரம் பரவும். இந்த வகைக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. என்ஏடிபிஎச் டயாஃபொரேஸ் வினையில் இது கோல்ஜி முறையில் போலவே கிளைகள் வரை நீலமாக எழும். வடிவமும் வேதி அடையாளமும் ஒரே சாயத்தில் கிடைப்பது அரிய வாய்ப்பு. கால்ரெட்டினின் உள்ள செல்கள் எலியில் குறைவு, மனிதரில் பெருகியிருக்கும்.

1976ல் டிஃபிக்லியாவும் பாசிக் இணையரும் குரங்கின் ஸ்ட்ரையேட்டத்தைக் கோல்ஜி முறையில் பார்த்து, முள் உள்ளவை இரண்டு, முள்ளற்றவை மூன்று என்று ஐந்து வகை வைத்தார்கள். முள் உள்ள முதல் வகையும் முள்ளற்ற பெரிய வகையும் இன்றைய பெயர்களோடு நன்றாகவே பொருந்துகின்றன. முள்ளற்ற நடுத்தரச் செல்கள்தாம் பின்னால் வேதி அடையாளங்களால் பல கூறாகப் பிரிந்தன. கோல்ஜி ஸ்லைடில் அப்படியொரு செல்லைப் பார்த்தால் “முள்ளற்ற நடுத்தரச் செல்” என்று எழுதி நிறுத்துவதே நேர்மை. ஆக்சான் தெரியாமல் பார்வல்புமின் செல் என்று எழுதினால் அது ஊகம்.

சாயம் ஏற்றுவதில் இன்று பரவலாகக் கையாளப்படுவது கோல்ஜி-காக்ஸ் முறை. வெள்ளிக்குப் பதில் பாதரசம். பொட்டாசியம் டைகுரோமேட், மெர்க்குரிக் குளோரைடு, பொட்டாசியம் குரோமேட் மூன்றையும் தனித்தனியே 5 விழுக்காடு கரைசலாகத் தயாரிக்க வேண்டும். முதல் இரண்டிலும் தலா 50 மி.லி. எடுத்துக் கலந்து, மூன்றாவதில் 40 மி.லி. சேர்த்து, 100 மி.லி. வடித்த நீர் ஊற்றினால் போதும். இருட்டில் குறைந்தது 48 மணி நேரம் வைத்தால் அடியில் படிவு சேரும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கலக்கிவிட்டால் அந்தப் படிவுதான் பிறகு ஸ்லைடு முழுக்கத் துகளாகத் தெரியும். மூளையைக் கழுவி இந்தக் கரைசலில் இட்டு, 24 மணி நேரம் கழித்துப் புதுக் கரைசலுக்கு மாற்றி, ஒன்று முதல் இரண்டு வாரம் இருட்டில் விட வேண்டும். பிறகு 30 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் சில நாள். அதிரும் கத்தியால் வெட்டும் வைப்ரடோமில் 100 முதல் 200 மைக்ரான் துண்டுகளாக வெட்டி, ஜெலட்டின் பூசிய ஸ்லைடில் ஏற்றி, அம்மோனியாவில் 8 முதல் 10 நிமிடம், நீரில் கழுவி, 5 விழுக்காடு சோடியம் தயோசல்பேட்டில் 10 நிமிடம் வைக்க வேண்டும். அதன்பின் படிப்படியாக ஆல்கஹால், சைலீன், மேல்மூடி.

பாதரச உப்பு உலோகத்தைத் தின்னும். சாயக் கரைசலுக்குள் இரும்பு இடுக்கியை விட்டால் இடுக்கியும் கெடும், சாயமும் கெடும். கண்ணாடி, பிளாஸ்டிக், மரம் மட்டுமே போக வேண்டும். மெர்க்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு. டைகுரோமேட் புற்றுநோய் வருவிப்பது. இரட்டைக் கையுறை, புகைக்கூண்டு, கழிவுக்குத் தனிக் கலம் இம்மூன்றும் இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

என்ன தவறலாம்? ஊறல் குறைந்தால் டென்ட்ரைட் பாதியில் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: உண்மையான நுனி மெலிந்துகொண்டே போய் முடியும், கறை ஏறாத கிளை அதே தடிமனில், துண்டின் நடு ஆழத்தில் திடீரென்று அறுந்துவிடும். துண்டின் மேல்பரப்பிலோ அடிப்பரப்பிலோ அறுந்தால் அது கத்தி வெட்டியது. இந்த மூன்று முடிவுகளையும் வரையும்போதே வெவ்வேறு குறியிட்டு வைப்பது நல்லது. பின்னால் நினைவிலிருந்து பிரிக்க முடியாது. ஊறல் மிகுந்தால் இரத்தக் குழாய்களும் அஸ்ட்ரோசைட்டு என்னும் துணைச் செல்களும் கறுத்து மறைக்கும். அஸ்ட்ரோசைட்டின் மெல்லிய புதர்க் கிளைகளை முள்ளாக எண்ணிவிடும் பிழை புதிதாகத் தொடங்குபவர்களிடம் அதிகம்.

வெட்டும் தடிமன்தான் பலரும் குறைத்து மதிப்பிடும் விஷயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முள்செல்லின் டென்ட்ரைட்டுகள் 200 மைக்ரான் ஆரமுள்ள கோளத்தைச் சீராக நிரப்புவதாகக் கொள்வோம். செல் உடல் துண்டின் சரியான நடுவில் இருந்தால்கூட, 200 மைக்ரான் துண்டுக்குள் அடங்குவது அந்தக் கோளத்தின் சுமார் 69 விழுக்காடு. துண்டு 100 மைக்ரானானால் 37 விழுக்காடுதான். ஆக, மெல்லிய துண்டிலிருந்து “மொத்த டென்ட்ரைட் நீளம்” என்று வெளியிடப்படும் எண் செல்லின் நீளம் அல்ல, துண்டுக்குள் மிஞ்சிய நீளம். ஒரே தடிமன், ஒரே ஆழத் தேர்வு என்ற கட்டுப்பாட்டுக்குள் இரண்டு குழுக்களை ஒப்பிடலாம். வேறு தடிமனில் வெட்டிய ஆய்வின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. செல் உடல் துண்டின் நடு மூன்றிலொரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற விதியைத் தேர்வின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் தடிமனைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. நுண்மை மிகுந்த 100 மடங்கு எண்ணெய் லென்ஸ்கள் பலவற்றுக்கு எட்டும் தூரம் 0.13 மி.மீ. அளவே, துண்டின் அடிப்பகுதி முட்களை அவை தொடவே தொடாது.

ஆழ அளவில் இன்னும் இரண்டு பொறிகள். ஆல்கஹாலில் நீர் வற்றும்போது துண்டு சுருங்கும், அதுவும் பக்கவாட்டைவிடத் தடிமனில் அதிகம். வெட்டிய தடிமனை, மேல்மூடி போட்டபின் அளந்த தடிமனால் வகுத்தால் வரும் எண்ணை ஆழத் திருத்தமாக வைக்கலாம். அந்த இரண்டாம் அளவை எடுக்கும்போது எண்ணெய் இல்லாத உலர் லென்ஸ் என்றால் மேடை நகர்ந்த தூரம் உண்மையான ஆழம் அல்ல. ஊடகத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதால் நகர்வை ஏறக்குறைய 1.5 ஆல் பெருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கோளமான செல் கணினியில் தட்டையான அப்பளமாகக் கிடக்கும். அந்தத் தட்டையை ஒரு வகையின் இயல்பாக எழுதிவிடும் அபாயமும் உண்டு.

கிளைப்பை எண்ணாக்கப் பெரும்பாலும் ஷோல் பகுப்பாய்வு. 1953ல் பூனையின் புறணிச் செல்களுக்காக ஷோல் வகுத்தது. செல் உடலை மையமாக்கி 10 அல்லது 20 மைக்ரான் இடைவெளியில் கோளங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் எத்தனை டென்ட்ரைட்டுகள் வெட்டுகின்றன என்று எண்ணுவது. முள்செல்லின் வளைவு முதல் 100 மைக்ரானுக்குள் ஏறி உச்சம் தொட்டு இறங்கும். பெரிய செல்லினுடையது தாழ்வாக எழுந்து நெடுந்தூரம் இழுபடும். முள் எண்ணுவதற்குச் செல் உடலிலிருந்து 50 மைக்ரான் தாண்டிய, படத்தளத்துக்கு இணையாகப் படுத்த, குறைந்தது 10 மைக்ரான் நீளத் துண்டுகளை எடுக்கலாம். கறுத்த டென்ட்ரைட் ஒளியை மறைப்பதால் நேர் மேலும் கீழும் உள்ள முட்கள் தெரியாது. கிடைக்கும் எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவு. முட்களைக் காளான், மெல்லியது, குட்டை என்று மேலும் பிரிப்பதில் எனக்குத் தயக்கம் அதிகம். முள்ளின் கழுத்து பல நேரம் ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறனான 200 நானோமீட்டருக்கும் கீழே. கழுத்தே இல்லாத “குட்டை முள்” என்று எண்ணப்படுபவற்றில் ஒரு பகுதி, கழுத்து தெரியாத காளான் முள்தான். புள்ளியியலில் ஒரு எச்சரிக்கை: ஒரே விலங்கின் 60 துண்டுகள் 60 சான்றுகள் ஆகா. முதலில் செல்லுக்குச் சராசரி, பிறகு விலங்குக்குச் சராசரி, அதன்பின்தான் ஒப்பீடு.

வகைப்பாட்டுக்கே குழி பறிக்கும் இரண்டு நிலைமைகளை மறக்கக் கூடாது. ஒன்று வயது. பிறந்த எலிக்குஞ்சின் முள்செல்லில் முள் கிட்டத்தட்ட இல்லை. முதல் சில வாரங்களில்தான் அவை அடர்கின்றன. ஒரு வாரக் குஞ்சின் ஸ்லைடில் “முள்ளற்ற நடுத்தரச் செல்” மலிந்திருந்தால் அது இடைநியூரான்களின் பெருக்கம் அல்ல. இன்னொன்று நோய். டோபமைனைச் சுரக்கும் நார்கள் அழியும்போது, பார்கின்சன் நோயிலும் அதன் விலங்கு மாதிரிகளிலும், முள்செல்கள் தம் முட்களில் ஒரு பங்கை இழக்கின்றன. ஹன்டிங்டன் நோயில் முள்செல்களே மாள, அசிட்டைல்கோலின் சுரக்கும் பெரிய செல்களும் சோமடோஸ்டாடின் செல்களும் ஒப்பீட்டளவில் தப்புகின்றன. அப்படிப்பட்ட திசுவில் முள் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பெயரிட்டால், நோயுற்ற முள்செல் இடைநியூரான் பட்டியலுக்குப் போய்விடும். இழப்பை அளக்க வந்த ஆய்வே அந்த இழப்பை மறைத்துவிடும். இங்கே கைகொடுப்பது உட்கரு. முள்செல்லின் உட்கரு வட்டமாக, மடிப்பில்லாமல் இருக்கும். இடைநியூரான்களின் உட்கருவில் உள்மடிப்புகள் இருக்கும். கோல்ஜிக் கறை உட்கருவை மறைத்துவிடும் என்பதால், கறையைத் தங்கத்தால் மாற்றும் முறையை 1977ல் ஃபெய்ரென், பீட்டர்ஸ், சால்டானா மூவரும் வகுத்தார்கள். அதன்பின் அதே செல்லை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோய் உட்கருவையும் சினாப்ஸையும் (நியூரான்கள் செய்தி பரிமாறும் சந்திப்பு) பார்க்கலாம். உழைப்பு மிகுந்த வழி. ஆனால் ஐயத்துக்கிடமான செல்லுக்கு இதைவிட உறுதியான விடை ஒளி நுண்ணோக்கியில் இல்லை.

வடிவம் எங்கே தோற்கிறது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 95 விழுக்காடான முள்செல்கள் உண்மையில் இரண்டு பெரும் கூட்டம். டோபமைனுக்கான டி1 ஏற்பி உள்ளவை நைக்ராவுக்கும், ஸ்ட்ரையேட்டத்தை அடுத்த பாலிடம் என்னும் பகுதியின் உட்கூறான உள் பாலிடத்துக்கும் நார் அனுப்புகின்றன. டி2 ஏற்பி உள்ளவை வெளிப் பாலிடத்தோடு நிற்கின்றன. முதல் கூட்டத்தின் பல ஆக்சான்கள் போகிற வழியில் வெளிப் பாலிடத்திலும் கிளை விடுவதால், இந்தப் பிரிவும் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் அவ்வளவு வெட்டாக இல்லை. கோல்ஜி ஸ்லைடில் இரண்டும் ஒரே செல்தான். ஏற்பிக்கேற்ப ஒளிரும் மரபுமாற்ற எலிகள் வந்தபின், 2008ல் கெர்ட்லரும் உடனிருந்தோரும் செல்களை நிரப்பி அளந்தபோது டி1 செல்களுக்கு முதன்மை டென்ட்ரைட்டுகளும் மொத்த நீளமும் சராசரியில் அதிகம் என்று தெரிந்தது. சராசரியில் மட்டும். இரு கூட்டத்தின் பரவலும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஒற்றைச் செல்லைக் காட்டி இது டி1, இது டி2 என்று வடிவத்தால் சொல்ல முடியாது. ஸ்ட்ரையோசோம், மேட்ரிக்ஸ் என்ற அறைப்பிரிவும் அப்படித்தான். 1978ல் கிரேபியலும் ராக்ஸ்டேலும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் சாயத்தில் வெளிறிய தீவுகளாகக் காட்டிய அந்த எல்லை கோல்ஜி ஸ்லைடில் தெரியாது. ஆனால் முள்செல்லின் டென்ட்ரைட்டுகள் பெரும்பாலும் அதைத் தாண்டாமல் வளைகின்றன. கோளம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், அதைச் சாயக் கோளாறு என்று தள்ளிவிடாமல் அடுத்த துண்டில் எல்லைச் சாயம் போட்டுப் பார்ப்பது மேல்.

ஆக்சான் வேண்டுமென்றால் செல்லை உள்ளிருந்து நிரப்ப வேண்டும். 300 மைக்ரான் உயிர்த்துண்டில் பேட்ச் பிப்பெட் (செல் சவ்வில் ஒட்டும் நுண் கண்ணாடிக் குழாய்) வழியாக 0.2 முதல் 0.5 விழுக்காடு பயோசைட்டின் என்னும் குறிப்பொருளைச் செலுத்தி, 20 நிமிடமாவது தாமதித்து, பிப்பெட்டை மிக மெதுவாக இழுத்து, சவ்வு மூடிக்கொள்ள விட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் செல் உடல் பிப்பெட்டோடு வந்துவிடும். ஸ்லைடில் நடுவே ஓட்டையும் சுற்றிலும் அனாதைக் கிளைகளும் மிஞ்சும். இங்கும் துண்டைத் தாண்டிய ஆக்சான் அறுபட்டதே. ஆனால் சுடும் பாங்கு பதிவாகியிருக்கும். வடிவம் தடுமாறும் இடத்தில் அது பெயரைத் தீர்க்கும்.

வரைந்த செல்லைச் சேமிக்கும் எஸ்டபிள்யூசி கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏழு எண்கள்: வரிசை எண், வகை, மூன்று இடக்குறிகள், ஆரம், தாய்ப்புள்ளி. வகையில் 1 செல் உடல், 2 ஆக்சான், 3 டென்ட்ரைட். முள்ளுக்கும், சுருக்கத்துக்கும், அறுந்த முடிவுக்கும் அதில் இடமில்லை. அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் ஒரு தாள் தேவை: விலங்கின் வயது, சாயம், ஊறிய நாள், வெட்டிய தடிமனும் சுருங்கிய தடிமனும், செல் உடலின் ஆழம், எத்தனை டென்ட்ரைட்டுகள் இயல்பாக முடிந்தன, எத்தனை வெட்டுப்பட்டன, ஆக்சான் எத்தனை மைக்ரான் வரை தெரிந்தது. வகை என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்பலாம். ஆக்சான் 30 மைக்ரானில் நின்றிருந்தால், அந்தக் கட்டத்தில் “குட்டை ஆக்சான்” என்று எழுதாமல் “30 மைக்ரான் வரை தெரிந்தது” என்று எழுத வேண்டும்.